பல் மருத்துவரிடம் பத்து நாட்கள்



ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும், உங்களில் சிலர் ஏதேனும் ஒரு தொழில் நடைபெறும் இடத்தில் சில நாட்கள் இருந்து பழக விரும்புகிறீர்கள். ஒருவர் மோட்டார் பட்டறைக்குப் போகிறார். ஒருவர் அச்சகத்துக்குப் போகிறார். இன்னொருவர் தமக்குத் தெரிந்த பல் மருத்துவரிடம் போகிறார். இது நல்ல பழக்கம். 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு, ‘பணி அனுபவம்’ என்பது கல்வியின் ஓர் அங்கமாகவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. படிப்பும் உழைப்பும் தனித்தனியே பிரிந்து நிற்கலாகாது என்பதே அதன் கருத்து.

ஆனால் பல் மருத்துவரிடம் போகிற மாணவர் அங்கே எதைக் கற்க வேண்டும்? ‘கருவிகளைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்’ என்று சிலர் நினைக்கின்றனர். ‘ஒரு சான்றிதழ் கிடைக்கும்’ என்று சிலர் எண்ணுகின்றனர். இரண்டுமே சிறிய ஆசைகள். பல் மருத்துவத்தில் பள்ளி மாணவர் கையால் செய்யக்கூடிய வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை, செய்யவும் கூடாது. அங்கே உங்கள் வேலை கண்ணாலும் காதாலும் செய்வது.

நீங்கள் தருமபுரி மாவட்டத்து மாணவரானால், இந்தியாவின் பல ஊர்களில் கிடைக்காத ஒரு பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு கேள்வியை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் போதும்: ‘இந்தப் பல் உருவான காலத்தில் இவர் குடித்த தண்ணீர் எது?’ இந்தக் கேள்வியோடு போகிறவரே அந்தப் பத்து நாட்களின் முழுப் பயனையும் பெறுவார் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் வெண்மையான பூச்சுக்கு எனாமல் என்று பெயர். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது உப்பு. பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள். எலும்பு முறிந்தால் மீண்டும் கூடுகிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. எனாமல் போனால் போனதுதான். காரணம், எனாமலைக் கட்டிய உயிரணுக்கள் பல் ஈறுக்கு வெளியே முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. வீடு கட்டி முடிந்ததும் கொத்தனார் ஊரை விட்டே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரில் விரிசல் கண்டால் அவரைத் தேடிப் பயனில்லை.

அந்தக் கட்டட வேலை எப்போது நடக்கிறது? நிலைத்த பற்களில் முதலாவது கடைவாய்ப்பல் குழந்தை பிறக்கும் சமயத்திலேயே உருவாகத் தொடங்குகிறது. மேல் முன்பற்கள் இரண்டும் பிறந்த மூன்று நான்கு மாதங்களில் தொடங்கி, நான்கு ஐந்து வயதுக்குள் எனாமல் வேலையை முடித்துக்கொள்கின்றன. இரண்டாவது கடைவாய்ப்பல் ஏழு எட்டு வயது வரை எடுத்துக்கொள்கிறது. இவையெல்லாம் ஈறுக்குள்ளே, நம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. முன்பல் வெளியே தலைகாட்டுவது ஆறு ஏழு வயதில்தான். ஆகவே, கண்ணாடியில் நீங்கள் இன்று பார்க்கும் முன்பல் உங்கள் மழலைப் பருவத்தில் செய்யப்பட்ட பொருள். நீங்கள் அப்போது என்ன குடித்தீர்கள் என்பதை அது இன்றும் வைத்திருக்கிறது.

பாறையிலிருந்து பல்லுக்கு

தருமபுரி மாவட்டத்தின் அடியில் இருப்பது பழைமையான கடினப் பாறை. அப்பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளண்டு போன்ற கனிமங்கள் உள்ளன. அவற்றில் ஃபுளோரின் என்னும் தனிமம் அடங்கியிருக்கிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்து ஃபுளோரைடாக ஏற்றுக்கொள்கிறது. நீரில் கால்சியம் குறைந்தும் காரத்தன்மை மிகுந்தும் இருந்தால் இன்னும் அதிகமாகக் கரைகிறது. மழை குறைந்த பகுதியில் மக்கள் ஆழ்குழாய்க் கிணற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. அப்படி எடுக்கும் நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிக்கிறவர் கண்டுபிடிக்கும்படியான சுவையுமில்லை.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்றே வரம்பு கட்டியிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் பல கிராமங்களின் நிலத்தடி நீர் இந்த வரம்பைத் தாண்டியது.

வரம்பைத் தாண்டிய நீரைக் குழந்தை நாள்தோறும் குடித்தால், எனாமல் கட்டும் வேலை கெடுகிறது. படிகங்கள் வளரும்போது இடையிலுள்ள புரதம் முழுவதும் விலகி இடம் கொடுக்க வேண்டும். ஃபுளோரைடு மிகுந்தால் அந்த விலகல் சரியாக நடப்பதில்லை. விளைவாக, எனாமலின் உட்பகுதியில் நுண்ணிய துளைகள் தங்கிவிடுகின்றன. பல் முளைக்கும்போது அந்த இடம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துத் தோன்றும். பிறகு உணவு, பானங்களிலுள்ள நிறப்பொருள்கள் அத்துளைகளில் ஏறி, மஞ்சளாகவும் காவியாகவும் மாற்றுகின்றன. இதுவே பல் ஃபுளோரோசிஸ். எட்டு வயதுக்கு மேல் இந்த நீரைக் குடிக்கத் தொடங்கியவருக்குப் பல்லில் இந்தக் கறை வராது. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டுகளும் பாதிக்கப்படும். ஆகையால் பல்லில் தெரிவது முதல் எச்சரிக்கை மட்டுமே.

முதல் இரண்டு நாட்கள்

இவ்வளவும் தெரிந்துகொண்டு மருத்துவமனைக்குள் நுழைகிறீர்கள். உடனே பல்லைப் பார்க்க ஓடாதீர்கள். முதல் இரண்டு நாட்கள் அறையைப் பாருங்கள்.

ஒரு நோயாளி எழுந்து போனதும் அடுத்தவர் உட்காருவதற்குள் என்னென்ன நடக்கின்றன என்று வரிசையாக எழுதுங்கள். பயன்பட்ட கருவிகள் எங்கே போகின்றன? முதலில் கழுவித் துலக்குகிறார்கள். பின் உறையிலிட்டு ஆட்டோகிளேவ் என்னும் கலத்தில் வைக்கிறார்கள். அழுத்தத்தில் அடைபட்ட நீராவி 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் அவற்றைச் சூடாக்குகிறது. உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரும் ஏறக்குறைய இதே வெப்பத்தில்தான் வேலை செய்கிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டாதபோது, மூடிய பாத்திரத்தில் எப்படி 121 டிகிரி வந்தது? இயற்பியல் புத்தகத்தில் நீங்கள் மனப்பாடம் செய்த விடை இங்கே நோயாளியின் உயிரைக் காக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அடுத்துக் குப்பைக் கூடைகளைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், ஊசிகளுக்கென வெள்ளை நிறத்தில் துளைபடாத பெட்டி என்று தனித்தனியே வைத்திருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் இந்த நிறங்களை வகுத்திருக்கின்றன. எது எதில் போகிறது, ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவமனையின் ஒழுக்கம் வரவேற்பு அறையின் நாற்காலியில் தெரியாது; அதன் குப்பைக் கூடையில் தெரியும்.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது. கூரிய கருவிகளின் பக்கமே கை போகக் கூடாது. எக்ஸ்-ரே எடுக்கும்போது அறைக்கு வெளியே நிற்க வேண்டும். நோயாளி சம்மதித்தால் மட்டுமே அருகில் நின்று பார்க்கலாம். அவர் முகம் சுளித்தால் உடனே வெளியேறிவிட வேண்டும். செல்பேசி பைக்குள் இருக்கட்டும்; படம் எடுக்கவே கூடாது. நோட்டில் யாருடைய பெயரும் முகவரியும் இடம்பெறக் கூடாது. வலியோடு வந்திருப்பவர் தம் வாயைத் திறந்து காட்டுவது மருத்துவர்மீது வைத்த நம்பிக்கையால். அந்த நம்பிக்கையின் ஒரு பகுதி உங்களிடமும் ஒப்படைக்கப்படுகிறது.

கறையா, அழுக்கா, சொத்தையா?

மூன்றாம் நாளிலிருந்து பற்களைப் பாருங்கள். மருத்துவர் ஒரு பல்லைப் பார்த்ததும் அது இன்ன நிலை என்று முடிவு செய்கிறாரே, எதை வைத்து முடிவு செய்கிறார்? ஓய்வாக இருக்கும்போது அவரிடம் கேளுங்கள்.

சொத்தை பெரும்பாலும் உணவு தங்கும் இடத்தில் தொடங்குகிறது. கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில், இரு பற்களின் இடுக்கில். அது வலது பக்கத்தில் இருந்தால் இடது பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பதில்லை. வெற்றிலை, புகையிலை, தேநீர் ஆகியவற்றின் கறை மேலே படிந்தது. மருத்துவர் சுத்தம் செய்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். ஃபுளோரோசிஸ் கறை அப்படியல்ல. அது எனாமலுக்குள்ளேயே இருப்பது. வலது முன்பல்லில் கண்டால் இடது முன்பல்லிலும் ஒத்திருக்கும். ஏனெனில் அந்த இரண்டு பற்களும் ஒரே காலத்தில், ஒரே நீரைக் குடித்து உருவானவை. பல்லின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகளாகவோ மேகத் திட்டுகளாகவோ அது தெரியலாம். கடுமையாக இருந்தால் எனாமலில் குழிகளும் விழுந்திருக்கும்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டிரென்ட்லி டீன் என்பவர் 1930களில் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். இயல்பானது, ஐயத்துக்குரியது, மிக இலேசானது, இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என ஆறு படிகள். பல்லின் பரப்பில் கால் பங்குக்குக் குறைவாக வெளுத்திருந்தால் ‘மிக இலேசானது’. பாதி வரை வெளுத்திருந்தால் ‘இலேசானது’. இவ்வளவு எளிமையான அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மருத்துவர் அனுமதித்தால், அவர் பார்த்த பல்லுக்கு நீங்கள் மனத்துக்குள் ஒரு படி கொடுத்துவிட்டு, அவர் எந்தப் படி கொடுக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் விடை பல தடவை தவறும். பத்தாம் நாள் அவ்வளவாகத் தவறாது. பயிற்சி பெற்ற கண் என்றால் என்னவென்று அப்போது புரியும்.

கேள்வி கேட்ட ஒரு மருத்துவர்

‘என்ன தண்ணீர் குடித்தார்’ என்ற கேள்வியை உலகில் முதன்முதலில் விடாப்பிடியாகக் கேட்டவரும் ஓர் ஊர்ப் பல் மருத்துவரே. 1901ஆம் ஆண்டில் பிரெடரிக் மெக்கே என்னும் இளைஞர், அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். வந்தவர்களில் பலருக்குப் பல்லில் காவிக் கறை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இருந்தது. பெரியவர்களான பின் குடியேறியவர்களுக்கு இல்லை. ஊரார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெக்கே அவற்றோடு நிறைவடையவில்லை. ஆண்டுக் கணக்காக ஊர் ஊராகப் போய் விசாரித்தார்.

1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூர்ப் பெற்றோர் அவரை அழைத்தனர். ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகு பிள்ளைகளின் பல்லில் கறை வரத் தொடங்கியதாக அவர்கள் கூறினர். மெக்கே அந்த நீரைச் சோதித்தார். சந்தேகப்படும்படி ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறும்படி சொன்னார். ஊரார் மாறினர். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. காரணப் பொருள் ஃபுளோரைடு என்று எச். வி. சர்ச்சில் என்னும் வேதியியலாளர் நிறமாலை ஆய்வினால் கண்டது 1931இல்தான். பொருளின் பெயர் தெரிவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, கேள்வி கேட்டதனால் ஓர் ஊரின் பிள்ளைகள் தப்பித்தார்கள்!

நம் நாட்டில் இந்நோய் முதலில் அறிவிக்கப்பட்டது 1937இல். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் செய்த ஆய்வு அது. ஆகவே இது தருமபுரிக்கு மட்டும் நேர்ந்த தனிக் குறையன்று. உலகின் பல நாடுகளில், இந்தியாவின் பல மாநிலங்களில் பாறையும் நீரும் சேர்ந்து செய்யும் வேலை.

உங்கள் தலைமுறை

இனி நான் சொல்லப்போவது தருமபுரி மாணவருக்கே உரியது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியோடு, காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் திட்டம். அதன் முழுப் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் தணிப்பு’ என்ற சொற்களும் இருக்கின்றன. ஒரு நோயின் பெயரைத் தாங்கிய குடிநீர்த் திட்டம் என்பதைக் கவனியுங்கள்.

உங்களில் பலர் இந்த ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள். உங்கள் அண்ணன், அக்காவின் முன்பற்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடித்து உருவானவை. உங்கள் தம்பி, தங்கையின் முன்பற்கள் காவிரி நீரைக் குடித்து உருவாகியிருக்க வேண்டும். ஓக்லியில் மெக்கே கண்ட அதே சோதனை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்திருக்கிறது. அதைப் படித்தறிய மருத்துவமனையில் பயின்ற கண் உங்களுக்குப் போதும்.

ஆனால் சோதனையைச் சரியாகச் செய்ய வேண்டும். பால்பல்லை நிலைத்த பல்லோடு ஒப்பிடக் கூடாது. பால்பற்களின் எனாமல் பெரும்பகுதி தாயின் வயிற்றிலும் முதல் ஆண்டிலும் உருவாவதால் அவற்றில் கறை குறைவு. ஆகவே எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் மேல் முன்பற்களை மட்டும் ஒப்பிடுங்கள். அவர்களும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். அம்மாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள்: ‘இவன் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கே இருந்தோம்? குடிக்க எந்தத் தண்ணீர்? சோறு பொங்க எந்தத் தண்ணீர்?’ இரண்டு பிள்ளைகளை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் பத்துப் பேர் இதேபோல் செய்தால், ஆசிரியரின் துணையோடு ஓர் அட்டவணை போடலாம்.

தம்பியின் பல்லும் கறையாக இருந்தால்? அதுவே எல்லாவற்றையும்விட முக்கியமான கண்டுபிடிப்பு. குழாய் தெருவுக்கு வந்திருக்கலாம், குடத்துக்கு வந்ததா? சில வீடுகளில் குடிக்கக் குழாய்த் தண்ணீர், சமைக்க ஆழ்குழாய்த் தண்ணீர் என்ற வழக்கம் இருக்கலாம். குழாய் வராத நாட்களில் பழைய கைப்பம்பையே நாடியிருக்கலாம். அரிசியும் பருப்பும் வேகும்போது அந்த நீரிலுள்ள ஃபுளோரைடும் உணவோடு சேர்கிறது. சந்தேகமிருந்தால், சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் நீர் எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டி வேண்டாம். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக் கூடும். முடிவு வந்ததும் ஊராட்சித் தலைவரிடம் காட்டலாம். ஒரு திட்டத்தை அரசு திறந்துவைக்க முடியும். அது பலித்ததா என்று பற்களே சொல்ல வேண்டும். அதைப் படித்துச் சொல்ல யாராவது வேண்டும்.

‘இது மாணவர் வேலையா?’

சிலர் மறுத்துச் சொல்வார்கள்: ‘பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மருத்துவமனையில் என்ன வேலை? டாக்டரின் நேரம் வீண், நோயாளிக்கும் கூச்சம்.’ இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கருவிகளை எடுத்துக் கொடுக்கிறேன் என்று குறுக்கே நிற்கும் மாணவர் உண்மையிலேயே இடைஞ்சல்தான். ஆனால் மூலையில் நின்று கவனித்து, மருத்துவர் தேநீர் குடிக்கும் வேளையில் மூன்று நல்ல கேள்விகள் கேட்கும் மாணவரை எந்த மருத்துவரும் வெறுப்பதில்லை. ‘உங்கள் மாவட்டத்தைப் பற்றி நீங்கள் அறிந்ததில் புத்தகத்தில் இல்லாதது எது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘நான் பல் மருத்துவராகப் போவதில்லையே’ என்பீர்கள். பல் மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தாண்டுப் படிப்பு. அதற்குப் போகிறவர் உங்கள் வகுப்பில் ஒருவர் இருந்தாலே அதிகம். மற்றவர்களுக்குத்தான் இந்தப் பத்து நாட்கள் இன்னும் அதிகம் பயன்படும். நாளைக்கு நீங்கள் ஆசிரியராகலாம், தாயாகலாம், ஊராட்சி உறுப்பினராகலாம். கறைபடிந்த ஒரு பல்லைப் பார்த்ததும் உங்கள் வாயிலிருந்து எந்தச் சொல் வரும் என்பது இப்போது நீங்கள் கற்பதைப் பொறுத்தது.

ஏனெனில் இந்தக் கறையால் வலி குறைவு, அவமானம் அதிகம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் எழுந்து படிக்கத் தயங்கும் பையனையும் பார்த்திருப்பீர்கள். ‘பல் விளக்கவில்லையா?’ என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள். அவனோ மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தேய்த்தவன்! செங்கற்பொடி, சாம்பல், கரித்தூள் என்று எதையெதையோ போட்டுத் தேய்த்து, இருக்கிற எனாமலையும் கரைத்துக்கொள்கிறான். கறை உள்ளே இருப்பதால் போவதில்லை, தேய்மானம்தான் மிச்சம். அவன் செய்யாத குற்றத்துக்கு அவன் வாயே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. இந்தப் பழியைத் துடைக்க மருந்து வேண்டாம். ‘இது அழுக்கல்ல, நீ குடித்த தண்ணீரின் தடம்’ என்று விவரத்தோடு சொல்லும் ஒருவர் போதும்.

மருத்துவரால் முடிவதையும் முடியாததையும் தெரிந்துகொண்டு வாருங்கள். மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தும், வெளுக்கச் செய்தும், பல்லின் நிறமுள்ள பொருளைப் பூசியும், மேலுறை பொருத்தியும் அவர் கறையை மறைக்க முடியும். அதற்குச் செலவுண்டு, சிலவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் இழந்த எனாமலை வளர்க்க அவராலும் முடியாது. அவருடைய நாற்காலி நோயின் கடைசி நிலையம். முதல் நிலையம் வீட்டுத் தண்ணீர்க் குடம்.

வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியவை

கேட்டறிந்தவற்றில் தவறானவற்றையும் களைந்துவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டியும் ஃபுளோரைடைப் பிடிக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் கருவி நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படியவைத்து நீக்கும் ‘நல்கொண்டா முறை’யை, நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. வேறு நல்ல நீர் கிடைக்குமானால், குழந்தைக்கு அதைக் கொடுப்பதே எல்லாவற்றிலும் எளிது.

அதே நேரத்தில் ஃபுளோரைடு என்ற பெயரைக் கேட்டே அஞ்ச வேண்டாம். அளவோடு இருந்தால் அது எனாமலை அமிலம் அரிக்காமல் காத்துச் சொத்தையைக் குறைக்கிறது. கொலராடோவின் கறைப்பற்களில் சொத்தை குறைவாக இருந்ததை மெக்கேயே கவனித்தார். பற்பசையில் அதைச் சேர்ப்பதும் இதனால்தான். ஆனால் சிறு குழந்தைகள் பற்பசையை விழுங்கிவிடக் கூடாது. அரிசி அளவு, பட்டாணி அளவு என்று வயதுக்கேற்ப எவ்வளவு வைப்பது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். நன்மையும் தீமையும் பொருளில் மட்டுமல்ல, அளவிலும் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அறிவியலில் குறைவு.

பத்தாம் நாள், நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். நான் என்ன பார்த்தேன், எதை எண்ணினேன், எது எனக்கு இன்னும் விளங்கவில்லை என்ற மூன்று தலைப்புகள் போதும். ஒரு படியை மருத்துவரிடம் கொடுத்து நன்றி கூறுங்கள். ஒரு படியைப் பள்ளி அறிவியல் மன்றத்தில் வாசியுங்கள். சான்றிதழ் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம்.

பள்ளி திறந்ததும், வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் உங்கள் வகுப்புத் தோழனிடம் போய், அவன் கறையின் காரணத்தை நீங்கள் கற்ற வகையில் விளக்கிச் சொல்லுங்கள். அவன் வீட்டில் இப்போது தவழும் குழந்தை எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்றும் கேளுங்கள். அந்தக் குழந்தையின் முன்பற்கள் இன்னும் ஈறுக்குள்ளேதான் இருக்கின்றன.